இலவசம் என்றால் மட்டும் போதுமா?

ஒரு புரோகிராமை நான்கு பேர் சேர்ந்து எழுதினால், ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடலாம். இதைத் தடுக்கத்தான் வெர்ஷன் கண்ட்ரோல் மென்பொருள்கள் உள்ளன. யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்பதை இவை பதிந்து வைக்கும். தேவைப்பட்டால் பழைய நிலைக்கும் திரும்பலாம்.

இவற்றைத் தேர்ந்தெடுக்கும் பலரும் ‘இலவசமா?’ என்று மட்டுமே கேட்கிறார்கள். லினக்ஸ் கெர்னல் குழு 2002 முதல் பிட்கீப்பர் என்ற மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தியது. ஆனால் அப்போது அது ஓப்பன் சோர்ஸ் அல்ல. 2005இல் அதன் நிறுவனம் இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றது. வேறு வழியின்றி, அதே ஆண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே எழுதத் தொடங்கியதுதான் கிட். எல்லாக் குழுவிலும் ஒரு டோர்வால்ட்ஸ் இருப்பாரா?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில், தயாரித்தவர் கைவிட்டாலும் சோர்ஸ் கோட் நம் கையில் இருக்கும். கிட், சப்வெர்ஷன் இரண்டும் இந்த வகைதான். சப்வெர்ஷனில் திருத்தங்களின் முழு வரலாறும் ஒரு சர்வரில் இருக்கும். கிட்டில் வழக்கமாக ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் அதன் முழுப் பிரதி இருக்கும். சர்வர் பழுதானாலும் அதிலிருந்து மீட்டுவிடலாம். பெரிய படக் கோப்புகளை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே திருத்த வேண்டுமானால் சப்வெர்ஷன் வசதியானது. புரோகிராம் எழுதும் குழுவுக்குக் கிட்டே ஏற்றது என்பது என் கருத்து.

நீங்கள் தனியாகப் புரோகிராம் எழுதிப் பழகுபவரா? ‘புராஜக்ட் 1’, ‘புராஜக்ட் 2’, ‘புராஜக்ட் கடைசி’ என்று காப்பி எடுத்துக் குவிக்காமல், இன்றே கிட்டை இன்ஸ்டால் செய்து பழகுங்கள்.