பஸ்ஸர் அடிச்ச பிறகுதான் வேலை

மினி ப்ராஜெக்ட் என்றாலே மெட்டல் டிடெக்டரைத் தேர்ந்தெடுக்கிற ஒரு டீமாவது எல்லா பேட்சிலும் இருக்கும். ஒரு காயில், ஒரு ஆஸிலேட்டர், ஒரு பஸ்ஸர். ரிவ்யூவில் ஒரு சாவியைக் காட்டுவோம், பஸ்ஸர் அடிக்கும், மார்க் வாங்கிட்டுக் கிளம்பிடுவோம். மண்ணுக்குள்ள கிடைச்சது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அசல் வேலையே அதுதான்.

ஒரு உதாரணம். இங்கிலாந்தில் டிடெக்டரோடு வயல்களில் நடப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அப்படி ஒருத்தர் கையில் பச்சை பூத்த வெண்கல வட்டு ஒண்ணு சிக்குதுன்னு வெச்சுக்கோங்க. விட்டம் 30 மில்லிமீட்டர், எடை கிட்டத்தட்ட 10 கிராம். போட்டோ எடுத்துத் தேடினால் 'மூன்றாம் நெப்போலியன், பிரான்ஸ், 10 சென்டீம்' என்று பதில் வரும். நம்மில் பலர் அதோட நிறுத்திடுவோம்.

ஆனால் இரண்டு கேள்வி பாக்கி இருக்கு. பிரெஞ்சுக் காசு இங்கிலாந்து வயலுக்கு எப்படி வந்தது? பேரரசரின் தலை மேல் 'பியர்ஸ் சோப்' என்று ஏன் எழுதியிருக்கு?

முதல் கேள்விக்கு ஸ்கேலும் தராசும் போதும். அன்றைய பிரிட்டிஷ் பென்னி 30.8 மில்லிமீட்டர், 9.45 கிராம், அதே வெண்கலக் கலவை. அதனால் கடையில் இந்தக் காசும் பென்னியாகவே ஓடியது. இரண்டாவதுக்கு எழுத்தைக் கவனிக்கணும். அது உருவத்தை வெட்டிக்கொண்டு உள்ளே பதிஞ்சிருக்கு. அப்படின்னா, காசு அச்சடிச்ச பிறகு யாரோ தனியாகக் குத்தினது. காசில் இருக்கிற வருஷம் 1850களோ 60களோ, விளம்பரத்தின் வருஷம் அது இல்லை.

குத்தவெச்சது பியர்ஸ் கம்பெனியின் தாமஸ் பாரட். 1880களில் சுமார் இரண்டரை லட்சம் பிரெஞ்சுக் காசுகளை வரவழைத்து, பெயரைக் குத்திப் புழக்கத்தில் விட்டார் என்று விளம்பர வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. ராணியின் காசில் எழுத்து குத்துவது 1861 சட்டப்படி குற்றம். பிரெஞ்சுக் காசுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கில்லாடி வேலைதான்!

"ஒரு சோப்பு விளம்பரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்கலாம். தேவைதான் என்கிறேன். இங்கிலாந்தின் 1996 புதையல் சட்டம் முக்கியமாகப் பார்ப்பது பழங்காலத் தங்கமும் வெள்ளியும். இந்த மாதிரி வெண்கலத் துண்டை யாரிடமும் காட்டணும்னு கட்டாயம் இல்லை. எந்த வயல், எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறென்ன இருந்தது என்பதை எடுத்தவர் எழுதி வைக்கலைன்னா, அந்தத் தகவல் அன்றோட போச்சு. பளபளன்னு ஆகட்டும்னு புளி போட்டுத் தேய்ச்சா, குத்தின எழுத்தே மழுங்கலாம். காசு வாங்கினவர் விவசாயக் கூலியா, வழிப்போக்கரா என்று யோசிக்கக்கூட ஆதாரம் மிஞ்சாது.

டேட்டாஷீட்டில் முதல் வரியை மட்டும் படிச்சு ஐசியை நாம சர்க்யூட்டில் மாட்டுறதில்லை. தேடலில் வரும் முதல் பதிலை மட்டும் ஏன் அப்படியே நம்பணும்? அடுத்த வருஷம் டிடெக்டர் ப்ராஜெக்ட் எடுக்கிற ஜூனியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டில் சர்க்யூட் டயகிராமுக்குப் பிறகு ஒரு சாப்டர் கூடுதலாப் போடுங்க: கிடைத்ததை அளப்பது, எடை போடுவது, உற்றுப் பார்ப்பது, எழுதி வைப்பது. செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான்.