எஃகுக்கு ஏது காலாவதித் தேதி?

மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி அச்சிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. உள்ளிருக்கும் சரக்கு நாளடைவில் கெட்டுப்போகும். மலை சைக்கிள்களுக்கு எழுதப்படும் விமர்சனங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு, அதே தேதி கண்ணுக்குத் தெரியாத மையில் ஒவ்வொரு வண்டியிலும் அச்சாகியிருப்பது புலப்படும். சென்ற ஆண்டு 'இதைவிடச் சிறந்தது சாத்தியமில்லை' என்று புகழப்பட்ட வண்டி, இந்த ஆண்டு 'முந்தைய தலைமுறை' ஆகிவிடுகிறது. வண்டியில் எதுவும் கெட்டுவிடவில்லை. விற்பனைப் பட்டியல் மாறியிருக்கிறது, அவ்வளவே. பழைய இரும்பிலிருந்து பிறந்த ஒரு விளையாட்டு, நல்ல பொருளைப் பழைய இரும்பாக்கும் தொழிலாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

பழைய இரும்பு என்பதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் ஷ்வின் நிறுவனம் செய்த தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலைக்குக் கொண்டுபோனார்கள். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கிளங்கர்'. ஓட்டை உடைசல் என்கிறோமே, ஏறத்தாழ அதுதான் பொருள். 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் ஊரை அடுத்த மண்சாலையொன்றில் தங்கள் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். இரண்டு மைலுக்குச் சற்றே அதிகமான தொலைவில் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், பின்சக்கர ஹப்புக்குள் இருந்த கிரீஸைக் கொதிக்கவைத்துப் புகையாக்கிவிடும். இறங்கி முடித்தபின் மறுபடி கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

அந்த இளைஞர்கள் வண்டியை மேம்படுத்திய விதம்தான் இங்கே முக்கியம். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளை எடுத்துப் பூட்டினார்கள். நெடும்பயண சைக்கிளின் கியர்களைப் பொருத்தினார்கள். ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் பொருந்தியதால்தான் இந்த விளையாட்டே பிறந்தது. ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே வடிவமைத்த வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருவாரியான விற்பனைக்கு வந்தது. 1990இல் டுராங்கோவில் உலக சாம்பியன் போட்டி, 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக். உடைசலிலிருந்து ஒலிம்பிக் வரை இருபதே ஆண்டுகள்.

பழையதெல்லாம் பொன் என்று நான் வாதிடுவதாக நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். புகை கக்கிய அந்த பிரேக்குக்காக ஏங்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. டிஸ்க் பிரேக் ஈரத்திலும் சேற்றிலும் நம்பிக்கை தருகிறது. ட்யூப் இல்லாத டயர் முள்ளையும் கல்லையும் கூடுதலாகத் தாங்குகிறது. விரல் அசைவில் தாழும் சீட், செங்குத்தான இறக்கத்தில் உடலை நகர்த்த இடம் கொடுக்கிறது. 1990களில் ஏறத்தாழ 71 பாகை சாய்வில் நின்ற முன் ஃபோர்க் இன்றைய வண்டிகளில் 65 பாகையளவுக்குச் சாய்ந்திருக்கிறது. இறக்கத்தில் தலைகுப்புற விழும் அச்சம் அதனால் குறைந்திருக்கிறது. இதற்குப் புதிய ஃப்ரேம் வேண்டும், வாங்குவதில் தவறில்லை. மலையில் எழுந்த தேவைக்கு இவை விடை.

ஆனால் முன்சக்கர அச்சின் கதையைக் கேளுங்கள். மலையிறக்க வண்டிகளுக்கு 20 மி.மீ. தடிமனும் 110 மி.மீ. அகலமும் கொண்ட அளவு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. பிறகு, மற்ற வண்டிகளுக்கு 15 மி.மீ. தடிமனும் 100 மி.மீ. அகலமும் போதும் என்றார்கள். சில ஆண்டுகள் கழித்து 100 போதாது, 110 வேண்டும் என்றார்கள். தடிமன் மட்டும் 15 ஆகவே இருக்கட்டும் என்றார்கள். பழைய 110 அளவுச் சக்கரம் புதிய 110இல் அப்படியே பொருந்தாது. பின்சக்கரத்தில் 135, 142, 148, 157 என்று எண்கள் வளர்ந்தன. 142இலிருந்து 148க்குப் போனால் பக்கத்துக்கு 3 மி.மீ. கூடும். பெரிய சக்கரத்தின் கம்பிகளை அகல விரித்து உறுதியாக்க அது உதவும் என்ற விளக்கம் பொய்யல்ல. ஆயினும் அந்த 3 மி.மீ. அளவுக்காக, ஓடிக்கொண்டிருந்த நல்ல சக்கர ஜோடிகள் அடுத்த ஃப்ரேமுக்கு உதவாமல் போயின.

சொல்லின் மேல் அக்கறையுள்ள வாசகர்கள் சக்கரத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். 26 அங்குலச் சக்கரத்தின் ரிம் விட்டம் 559 மி.மீ. 29இன் விட்டம் 622. இடையே வந்த '27.5' என்ற பெயர் இரண்டுக்கும் நட்டநடுவே நிற்பதாகக் காட்டிக்கொள்கிறது. அதன் விட்டம் 584. அதாவது 26ஐவிட 25 மி.மீ. பெரியது, 29ஐவிட 38 மி.மீ. சிறியது. இந்தச் சொற்ப வித்தியாசத்தைக் கொண்டு 26ஐ ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலான பட்டியல்களிலிருந்து துடைத்தெறிந்தார்கள். இன்று அந்த 27.5உம் சிறிய அளவு வண்டிகளுக்கும் பின்சக்கரத்துக்கும் ஒதுங்கிக்கொண்டிருக்க, 32 அங்குலத்தைப் பற்றிய பேச்சு தொடங்கியாயிற்று.

2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆண்கள் பந்தயத்தைப் பாருங்கள். யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்தில் தங்கம் வென்றார். நினோ ஷுர்டர் 27.5இல் வெள்ளி. இடைவெளி ஒரே ஒரு விநாடி. மூன்றாவதாக வந்த மார்கோ ஃபொன்டானா கடைசிச் சுற்றில் சீட்டையே இழந்து, நின்றபடி மிதித்து வெண்கலம் வாங்கினார். 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங் மலையிறக்கப் போட்டியில் ஆரன் குவின், புறப்பட்ட இடத்திலேயே செயின் அறுந்தும் முதலிடம் பெற்றார். சீட்டும் செயினும் வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டப் போவதில்லை. ஆனால் 3 மி.மீ. கூடினால் ஓட்டமே மாறிவிடும் என்று விளம்பரம் சொல்லும்போது இவர்களை நினைத்துக்கொள்வது நல்லது.

முன்னேற்றம் என்று விற்கப்பட்டதைத் தொழிலே திரும்பப் பெற்றுக்கொண்டதும் உண்டு. பெடல் அச்சின் பேரிங்கைத் திருகு மரையில் பொருத்தும் முறையை விட்டு, அழுத்திச் செருகும் முறைக்குப் பலர் மாறினார்கள். கிறீச்சொலி பற்றிய புகார்கள் பெருகின. அவர்களில் சிலர் ஓசைப்படாமல் மரைக்கே திரும்பிவிட்டார்கள். நல்ல முயற்சியும் உண்டு: பின்கியரைத் தாங்கும் சிறு உலோகத்துண்டு வண்டிக்கு வண்டி வேறுபட்டிருந்த குழப்பத்தைத் தீர்க்க, 2019இல் ஸ்ராம் நிறுவனம் ஒரு பொது அளவை முன்வைத்தது. வரவேற்க வேண்டிய காரியம். 2023இல் அதே நிறுவனம் வெளியிட்ட கியர் அமைப்போ, அந்த அளவில் செய்த ஃப்ரேமில் மட்டுமே ஏறும். எல்லோருக்குமாகத் திறந்த கதவு, பழைய ஃப்ரேம்களுக்கு மட்டும் சாத்திக்கொண்டது.

அலுமினியம் களைத்து விரிசல் விடும், கார்பன் அடிபட்டு உடையும் என்பது எனக்கும் தெரியும். அது பொருளின் மரணம்; அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். நான் பேசுவது கொலையைப் பற்றி.

வாங்கப் போகிறவர் என்ன செய்யலாம்? முதலில் தன் உடம்புக்குப் பொருந்தும் அளவு. அடுத்து நல்ல டயர், நல்ல பிரேக். அன்றாடம் ஓட்டப்போவது மண்பாதை என்றால் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி போதும். பாறை இறக்கமென்றால் பின்னாலும் வேண்டும். மிஞ்சிய பணமும் பொழுதும் பயிற்சிக்கு: பெடல் மேல் எழுந்து நின்று முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க, பார்வை சக்கரத்தின் அடியில் விழாமல் முன்னே ஓட, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்வது எந்தப் பட்டியலிலும் காலாவதி ஆவதில்லை.

விமர்சகர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கிராம் கணக்கில் எடை பார்த்துச் சொல்லும் நீங்கள், இந்த வண்டியில் பழைய பாகங்களில் எவை ஏறும், இதன் உதிரிபாகங்களை எத்தனை ஆண்டுகளுக்குத் தருவதாக நிறுவனம் எழுதிக்கொடுக்கிறது என்ற இரண்டு வரிகளையும் ஒவ்வொரு விமர்சனத்திலும் சேருங்கள். நிறுவனம் பதில் தர மறுத்தால் மறுத்தது என்றே எழுதுங்கள். அந்த இரண்டு வரிகள் இல்லாத விமர்சனத்தை விளம்பரம் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.