அழையாத விருந்தாளி

சென்ற வாரம் பூகோள வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார்! ஆகாயக் கப்பல் பழுதாகி வேறொரு கிரகத்தில் இறங்கிவிடுகிறது, அங்கே யாரும் கண்டிராத ஜனங்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் கதைகளில் வருகிறதே; நிஜமாக அப்படி நடக்குமா?" என்று கேட்டான். கிரகங்களின் சமாசாரம் நமக்குத் தெரியாது. ஆனால் நமது வங்காளக் குடாக்கடலிலேயே ஏறக்குறைய அப்படியொன்று நடந்திருக்கிறது என்று சொன்னோம்.

1981-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் 'பிரிம்ரோஸ்' என்னும் சரக்குக் கப்பல், அந்தமானைச் சேர்ந்த வடக்கு சென்டினல் தீவின் பவளப் பாறையில் தட்டி நின்றுவிட்டது. சில தினங்களில், வில்லும் அம்பும் ஏந்திய மனிதர்கள் கரையில் கூடுவதை மாலுமிகள் கண்டார்கள். காப்டன் நடுங்கிப்போய், துப்பாக்கிகள் அனுப்பும்படி கம்பியில்லாத் தந்தி கொடுத்தார். கொந்தளித்த கடல் தீவாரின் ஓடங்களை நெருங்கவிடவில்லை. சுமார் ஒரு வாரத்துக்குப் பின் ஹெலிகாப்டர் வந்து மாலுமிகளை மீட்டது. கப்பல் அங்கேயே கிடந்தது. அதன் இரும்பு தீவாருக்கு ஆயுதம் செய்ய உதவிற்று.

"எவ்வளவு கொடியவர்கள்!" என்றான் மற்றொரு பையன். அவனுக்கு நாம் 1880-ம் வருஷத்துக் கதையைச் சொன்னோம். அப்போது போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி படையுடன் அத்தீவில் இறங்கி, வயோதிக தம்பதிகளையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். அறுவரும் நோயில் விழுந்தனர். பெரியவர் இருவரும் மாண்டனர். குழந்தைகளைச் சில வெகுமதிகளுடன் தீவில் விட்டுவிட்டு வந்தார்கள். அழையாமல் வந்த அந்த விருந்தாளியைத் தீவார் எப்படி நினைவில் வைத்திருப்பார்கள்?

ஆயினும் அவர்கள் எப்பொழுதும் அம்பையே நீட்டியவர்கள் அல்லர். 1991-ம் வருஷம் ஜனவரியில், மதுமாலா சட்டோபாத்யாய் அம்மையார் உள்ளிட்ட மானிட சாஸ்திரிகளின் கோஷ்டி தேங்காய்களுடன் சென்றபோது, தீவார் தண்ணீரில் இறங்கிவந்து கையிலிருந்தே அவற்றை வாங்கிக்கொண்டனர். அத்தகைய பிரயாணங்களும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டன. நமக்கு வெறும் ஜலதோஷமாக இருப்பது அவர்களுக்கு யமனாகலாம் என்பதே முக்கிய காரணம். 1956-ம் வருஷத்திய பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி அத்தீவில் இறங்குவது குற்றம்.

முதலில் கேட்ட பையன் விடவில்லை. "அவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டாமா, ஸார்?" என்றான். இருபது வருஷமாகச் சாக்கட்டியும் கையுமாக இருக்கும் நம்மை அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. கல்வி எல்லோருக்கும் நன்மை என்பதே நமது ஜீவனமும் நம்பிக்கையும். ஆனால் அந்நியர் ஒரு நாள் நம்மை நாகரிகப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு நம் வீட்டிலும் புகுந்தார்கள். அதை நாம் மறக்கலாமா?

"அவர்கள் கேட்டால் கற்பிப்போம், தம்பி! கதவு தாழிட்டிருக்கும் வீட்டை உடைத்து உள்ளே போவது உபகாரம் ஆகாது" என்றோம்.

மணி அடித்தது. பையன் திருப்தியடைந்தானோ என்னவோ, தேசப் படத்தில் அந்தச் சிறு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.