மேனேஜர் தனியா கூப்பிட்டா பயமா?

கேம்பஸ்ல செலக்ட் ஆகி, ஆஃபர் லெட்டரை அம்மா சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுக் கும்பிட்டாச்சா? வாழ்த்துகள் பாஸ்! வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் 'ஒன்-ஆன்-ஒன்' என்று ஒரு மீட்டிங்குக்கு அழைப்பு வரும். நீங்களும் மேனேஜரும் மட்டும். பிரின்சிபால் ரூம் வாசலில் நிற்கிற மாதிரி வயிற்றைக் கலக்கும். 'என்ன தப்பு பண்ணினோம்?'

ஒரு தப்பும் இல்லை. இந்தப் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் இன்டெல் கம்பெனியின் ஆண்ட்ரூ குரோவ். ஹங்கேரியில் பிறந்து, 1957-ல் அகதியாக அமெரிக்கா போய், 1987-ல் இன்டெல்லின் தலைமை நிர்வாகி ஆனவர். 1983-ல் எழுதிய 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' புத்தகத்தில் ஒரு கணக்கு போட்டார். மேனேஜர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால், ஊழியரின் அடுத்த 2 வார வேலை, அதாவது 80 மணி நேரத்துக்கு மேல், தேறும்.

அதைவிட முக்கியம், இந்த மீட்டிங் மேனேஜருடையது இல்லை, உங்களுடையது என்றார். என்ன பேசணும்னு எழுதிக்கொண்டு போக வேண்டியதும் நீங்கள்தான்.

நம்ம ஆளுங்க கோட்டை விடுவது இங்கேதான். 'எப்படிப் போகுது?' 'நல்லா போகுது சார்.' முடிஞ்சது! அதுக்கு ஒரு இமெயில் போதுமே? 'மூணு மாசமா டெஸ்டிங்லயே இருக்கேன், கோடிங் எப்போ?', 'இந்த மாட்யூல் சுத்தமா புரியல' இதெல்லாம் பேசத்தான் அந்த நேரம். அங்கே முழுங்கினது வருஷக் கடைசியில் அப்ரைசலில் வெடிக்கும், இல்லேன்னா ராஜினாமாக் கடிதமா வரும். 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே'ம்பார் மேனேஜர். அவர் கேட்பதும் நியாயம்தான்.

மனசை அரிக்கிற விஷயம் பெரும்பாலும் கிளம்பும் நேரத்தில்தான் வாயில் வரும் என்பதையும் குரோவ் கவனித்திருக்கிறார். மீட்டிங்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும் என்றும் சொன்னார். நீங்க அதையே லிஸ்ட்டில் முதல்ல எழுதிடுங்க.

எல்லா மேனேஜரும் குரோவ் இல்லைதான். சிலர் மாசக்கணக்கா கேன்சல் பண்ணுவாங்க. சிலர் லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே தலையாட்டுவாங்க. கேன்சல் ஆனா அன்னிக்கே வேற நேரம் கேளுங்க, கூச்சப்படாதீங்க. வேலைக்குப் புதுசுன்னா வாரம் ஒரு தடவைகூடப் பேசலாம் என்பது குரோவ் கட்சி.

ஒத்திகை பார்க்க ஆள் ரெடியா இருக்காங்க, உங்க புராஜெக்ட் கைடு! கையெழுத்து வாங்க மட்டும்தானே அவங்க ரூம் பக்கம் போறீங்க? அடுத்த வாரம் 3 கேள்வியை எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. மேடம் மிரண்டு போனா நாங்க பொறுப்பில்லை!