சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு: ஒரு மளிகைக் கணக்கு



போன வாரம் உழவர் சந்தையில் வாங்கிய காய்கறிப் பையைப் படம் எடுத்து இங்கே போட்டிருந்தேன். நிறையப் பேர் விருப்பம் தெரிவித்தீர்கள், சந்தோஷம். ஆனால் கீழே வந்த மூன்று பதில்களை அப்படியே விட எனக்கு மனசில்லை.

ஒன்று: "இன்னுமா டீச்சர் பையைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க? ஆப்புல போட்டா பத்து நிமிஷத்துல வீட்டுக்கே வந்துடுமே!"
இரண்டு: "பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரமா? டைம்தான் பணம் டீச்சர்."
மூன்றாவது, எங்கள் உறவில் ஒரு பிள்ளை: "சித்தி, பென்ஷன் வருதே, எதுக்கு இந்தக் கஞ்சத்தனம்?"

எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த எண்ணத்தின் மேல்தான் கோபம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில், என்னிடம் படித்தவர்களில் இரண்டு மூன்று பேராவது போன் பண்ணுவார்கள். நலம் விசாரிப்பார்கள். அப்புறம் மெதுவாகப் பேச்சு ஃபீஸ் பக்கம் திரும்பும், நகை அடகில் போய் நிற்கும். இந்த வருஷம் ஒரு தம்பதி வீட்டுக்கே வந்தார்கள். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து 42,000 ரூபாய். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட 20,000 ரூபாய்க்குச் சங்கிலியை வைத்துவிட்டு வந்திருந்தார்கள். "எங்க போகுதுன்னே தெரியல டீச்சர்" என்றாள் அவள். அவளுடைய போனை வாங்கி, அந்த ஒரு மாதத்து ஆப் பில்களை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன்.

மாத மளிகை தனியாக 5,800 ரூபாய். அதற்கு மேலே ஆப்பில் 31 ஆர்டர். அதன் மொத்தம் 4,712 ரூபாய். அதில் டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம், 'சின்ன ஆர்டர்' கட்டணம் என்று போனது மட்டும் 640. ஒரு கட்டு கொத்தமல்லி தேவைப்பட்டிருக்கிறது. குறைந்தபட்சத் தொகை எட்டவில்லை என்று சிப்ஸ், ஜூஸ், சாக்லேட் சேர்ந்திருக்கிறது. இந்த 4,712-இல் பாதியை நிறுத்தியிருந்தாலே வருஷத்துக்கு 28,000 ரூபாய்க்கு மேல் கையில் நின்றிருக்கும். சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

அந்தப் பெண் ஊதாரி இல்லை. புடவைகூடப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பாள். பத்து, இருபது, நாற்பது என்று போவதால் போவதே தெரியவில்லை. 'பத்து ரூபாய்தானே' என்ற வார்த்தையை ஒரு மாதத்தில் முப்பது தடவை சொன்னால் அது பத்து ரூபாய் இல்லை, கண்ணுகளா.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நகர்ப்புறக் குடும்பங்களின் மொத்தச் செலவில் பானங்கள், பதப்படுத்திய உணவுகள் ஆகியவற்றின் பங்கு சுமார் 11 சதவீதம். சோற்றுக்கும் சப்பாத்திக்குமான தானியத்தின் பங்கு 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. விலைவாசி ஏறிவிட்டது என்று அரிசியைத் திட்டுகிறோம். பணத்தை வாங்கிப்போகிறது பாக்கெட்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டும் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் பல வருஷமாக அதே விலை. எப்படி? உள்ளே இருக்கிற எடையைக் குறைத்துவிடுகிறார்கள். ஏமாற்று என்று சட்டப்படி சொல்ல முடியாது, எடையைத்தான் அச்சிடுகிறார்களே! நாம்தான் படிப்பதில்லை. முன்பு பிஸ்கட், டீத்தூள், எண்ணெய் போன்ற சில பொருள்களை இன்னின்ன அளவில்தான் பொட்டலம் போட வேண்டும் என்று விதி இருந்தது. 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தில் அது போய்விட்டது. அதற்குப் பதிலாக, கிராமுக்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு என்று அலகு விலையை அச்சிட வேண்டும் என்று வந்தது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த வகுத்தல் கணக்குதான். 35 கிராம் 10 ரூபாய், 80 கிராம் 20 ரூபாய். எது மலிவு? முதலாவது நூறு கிராமுக்கு 28 ரூபாய் 57 காசு, இரண்டாவது 25 ரூபாய். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்றும் நினைக்காதீர்கள். ஷாம்புவில் பல கம்பெனிகளின் சாஷே, பாட்டிலைவிட மலிவாக இருக்கும். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால், முதல் இரண்டு நமக்குத் தேவையா என்று கேளுங்கள்.

அரிசியிலும் ஒரு கணக்கு உண்டு. 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டு 25 கிலோ வரை பையில் அடைத்து விற்கிற அரிசி, மாவு, பருப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. கடையில் நிறுத்துப் போட்டு வாங்கினால் அந்த வரி இல்லை. 26 கிலோ சிப்பம் ஏன் திடீரென்று கடைக்குக் கடை வந்தது என்று யோசித்தீர்களா? 25-ஐத் தாண்டினால் வரி இல்லை, அதுதான் காரணம். வியாபாரி கணக்குப் போடுகிறார். நாம் போட்டால் மட்டும் கஞ்சத்தனமா?

ரேஷனும் சந்தையும்

ரேஷன் கடை வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல் என்று சில பேர் சொல்கிறீர்கள். மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியில் இந்த இரண்டின் விலையும் உங்களுக்குத் தெரியும். இரண்டிலும் சேர்த்து 200 ரூபாய் வரை மிச்சம். நம் மாநிலத்தில் ஏழைக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவாக வைத்த திட்டம் இது. வசதி இருக்கிறவர் விட்டுக்கொடுத்தால் நல்லது, பாராட்டுவேன். ஆனால் தேவை இருந்தும் வெட்கப்பட்டு, அதே பணத்துக்குச் சங்கிலியை அடகு வைப்பதில் என்ன கௌரவம்?

உழவர் சந்தையை முதன்முதலில் ஆரம்பித்ததே எங்கள் மதுரை அண்ணா நகரில்தான், 1999 நவம்பரில். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே கொண்டுவந்து விற்கிறார். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே. வாரத்துக்கு ஒரு தடவை, காலையில் போனால் போதும். வெங்காயம், உருளை, கருணை, பூசணி எல்லாம் ஒரு வாரம் தாங்கும். கீரையை மட்டும் தெருவில் கூவிக்கொண்டு வருகிற அம்மாவிடம் வாங்குங்கள். அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். கஞ்சத்தனம் என்றால் அதுதான். ஆப்பில் 640 ரூபாய் கட்டணம் கட்டிவிட்டு, கீரைக்கட்டில் இரண்டு ரூபாய் குறைப்பது.

வீட்டு மாவும் வீட்டு கேக்கும்

இட்லி மாவுக்கு வருகிறேன். எங்கள் தெருக் கடை விலை இது. இட்லி அரிசி 1 கிலோ 52, உளுந்து கால் கிலோ 35, வெந்தயமும் உப்பும் 3, கிரைண்டருக்குக் கரண்ட் 1. மொத்தம் 91 ரூபாய். மூன்று கிலோ மாவு வரும். பாக்கெட் மாவு கிலோ 60 என்றால் 180. வாரத்துக்கு ஒரு தடவை ஆட்டினால் மாதம் 350 ரூபாய் மிச்சம்.

இப்போது நிறையப் பிள்ளைகள் வீட்டிலேயே பிரெட், பிஸ்கட், கேக் செய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அதிலும் கணக்கு வேண்டும். ஐந்து ரூபாய் குளுக்கோஸ் பிஸ்கட்டின் விலையை வீட்டில் யாராலும் தொட முடியாது. பிரெட்டுக்கு மைதா, ஈஸ்ட், பால், எண்ணெய், கரண்ட் எல்லாம் சேர்த்து 35 ரூபாய் ஆகும். கடையில் 45-க்குக் கிடைக்கும். பிசைந்து, உப்ப வைத்து, சுட்டு எடுக்க மூன்று மணி நேரம். ஆசைக்குச் செய்யுங்கள், சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

லாபம் இருப்பது கேக்கிலும் நெய் பிஸ்கட்டிலும். மைதா 150 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை மூன்று, எண்ணெய் 100 மில்லி, கொஞ்சம் பால், பேக்கிங் பவுடர், வெனிலா. கேஸோடு சேர்த்து 70 ரூபாய்க்குள் அரைக் கிலோ கேக். க்ரீம் இல்லாத இதே கேக் பேக்கரியில் 180, 200. கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 100 கிராம், நாட்டுச்சர்க்கரை 125 கிராம், நெய் 125 கிராம் சேர்த்துச் சுட்டால் 400 கிராம் பிஸ்கட், 100 ரூபாய். பேக்கரியில் நெய் பிஸ்கட் கிலோ 480.

இதற்காக ஏழாயிரம் ரூபாய்க்கு ஓவன் வாங்காதீர்கள்! ஒரு கேக்குக்கு 110 ரூபாய் மிச்சம் என்றால், அந்த ஓவன் காசு திரும்ப 64 கேக் சுட வேண்டும். கனமான இரும்புச் சட்டியில் இரண்டு டம்ளர் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி பத்து நிமிஷம் சூடாக்குங்கள். கேக் பாத்திரத்தை உள்ளே வைத்து, சிறு தீயில் நாற்பது நிமிஷம். குச்சியை விட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். அந்த உப்பு அடுத்த கேக்குக்கும் ஆகும், சமையலுக்கு எடுக்காதீர்கள். நான்ஸ்டிக்கில் வேண்டாம்.

"இதெல்லாம் பெண்கள் தலையில்தானே விழும்?"

நியாயமான கேள்வி. என் மாணவிகளில் சிலர் கேட்டிருக்கிறார்கள். இது ஆட்டுக்கல் காலம் இல்லை. ஊறப்போடுவதும் கிரைண்டரில் அள்ளிப் போடுவதும் யார் கைக்கும் வரும். சந்தைக்குப் பை எடுத்துக்கொண்டு போக ஆம்பிளைக் கை என்ன பாவம் செய்தது? 'வீட்டில் செய்' என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருகிறவருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். டேய் பசங்களா, வரிசையில் நின்று கேழ்வரகுக் கஞ்சி குடித்தவர்கள்தானே நீங்கள். மாவு ஆட்டுங்கள்.

'டைம்தான் பணம்' என்றீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாராவது சம்பளம் தந்தால்தான் அது பணம். மிச்சம் பிடித்த நேரத்தில் நாம் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அதற்கு யார் காசு தருகிறார்கள்? இராத்திரி டியூட்டி முடிந்து வருகிற நர்ஸ், மூட்டு வலியில் மாடி இறங்க முடியாத பெரியவர், கைக்குழந்தைக்காரி, இவர்கள் ஆப்பில் வாங்கட்டும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவில் கடை, கையில் கால் மணி நேரம் இருந்தும், ஒரு கட்டு கொத்தமல்லிக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையை வெயிலில் பைக்கில் விரட்டுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். நாம் போகிற அந்தப் பக்கத்துக் கடை அண்ணாச்சி, கையில் காசு இல்லாத மாதம் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு பருப்பு தருவார். எந்த ஆப் தரும்?

கஞ்சன் தனக்கும் செலவழிக்க மாட்டான், பிறருக்கும் தர மாட்டான். சிக்கனக்காரர் வீணாவதை நிறுத்தி, வேண்டியதற்கு வைத்திருப்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது, போடாதே என்பதற்காக இல்லை. எவ்வளவு போட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

ஆகவே வீட்டுப் பாடம் தருகிறேன். வருகிற ஒன்றாம் தேதி முதல் ஒரு மாதம், மளிகை, ஆப், டீக்கடை, பேக்கரி, எல்லாச் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பழக்கத்தை மாற்றவே வேண்டாம், எழுதினால் போதும். 'தேவை' என்று ஒரு பக்கம், 'சும்மா' என்று ஒரு பக்கம். முப்பதாம் தேதி 'சும்மா' பக்கத்தைக் கூட்டுங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, பிள்ளையின் ஃபீஸ் ரசீதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடையை இங்கே எழுத வேண்டாம், வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்