சாரலில் ஒரு ராஜினாமா

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், தென்காசி ஆபீஸ்களில் காய்ச்சல் பரவ ஆரம்பித்துவிடும். லீவ் லெட்டரில்தான் காய்ச்சல்; ஆள் ஐந்தருவியில். போன சீசனில் எனக்கும் அதே காய்ச்சல். கூடவே எங்கள் செக்‌ஷன் தம்பி. வயது 28. கிளார்க். வீட்டில் பெண் பார்க்கிறார்கள்.

தலையில் எண்ணெய் வழிய, அருவிச் சத்தத்தையும் மீறிக் கத்தினான்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை பேப்பர் போடப் போறேன்!"

"என்ன பேப்பர்லே?"

"ராஜினாமா! மெட்ராஸுக்குப் போயி நடிக்கப் போறேன். இந்த ஃபைலக் கட்டிக்கிட்டு அழ நம்மால ஆவாது."

ஈரத் துண்டோடு பரோட்டாக் கடையில் உட்கார்ந்ததும் அவனுக்கு ஒருவர் கதையைச் சொன்னேன். பூர்ணம் விஸ்வநாதன்.

1921-ல் பிறந்தவர். டெல்லி அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற சேதியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. பிறகு மெட்ராஸ் வந்து 'திட்டம்' பத்திரிகையின் ஆசிரியர். அதுவும் சர்க்கார் உத்தியோகம்தான். பகலில் ஃபைல், சாயங்காலம் மேடை. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்', சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்', 'ஊஞ்சல்' எல்லாம் அவர் மேடையேற்றி நடித்தவை.

'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் கமலுக்கு அப்பாவாக வந்தது 1980-ல். மற்றவர்கள் பென்ஷன் பேப்பருக்கு அலைகிற வயதில், மனுஷருக்கு சினிமா சூடு பிடித்தது. 1981-ல் 'தில்லுமுல்லு', 1989-ல் 'வருஷம் 16' தாத்தா, 1994-ல் 'மகாநதி' என்று போய்க்கொண்டே இருந்தார். 1990-ல் 'கேளடி கண்மணி'யில் இன்னும் வேடிக்கை. குரலாலேயே பேர் வாங்கியவருக்கு வாய் பேச முடியாத அப்பா வேஷம்! அதையும் முகத்தாலேயே சாதித்தார். 2008-ல் 86 வயதில் காலமானார்.

தம்பி பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தினான்.

"அப்ப நானும் அறுபது வயசு வரைக்கும் காத்துக் கெடக்கணுமாக்கும்?"

"அவரு எங்கலே காத்துக் கெடந்தாரு? ஆபீஸ் விட்டதும் மேடையில நின்னாரு. நீ கடைசியா எப்ப மேடையேறின?"

"ப்ளஸ் டூ ஆண்டு விழாவுல..."

"அது ஆச்சு பத்து வருஷம்."

பேசாமல் சால்னாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. இதே வயதில் நானும் நாடகம் எழுத ஒரு குயர் நோட்டு வாங்கினேன். 'ஆபீஸ் வேலையில நேரமெங்க இருக்கு' என்று பரணில் போட்டேன். நேரம் இருக்கத்தான் செய்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்து நான்தான் தொலைத்தேன். பழியை மட்டும் பாவம், ஆபீஸ் தலையில் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை. தம்பி நேராக என் மேஜைக்கு வந்து ஒரு பேப்பரை நீட்டினான். வயிறு கலங்கியது. பெண் பார்க்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பிரித்தேன். ராஜினாமா இல்லை. 'காட்சி 1' என்று ஆரம்பித்திருந்தது.

"ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு, அண்ணாச்சி. அப்பா வேஷம் உங்களுக்குத்தான்."

நெஞ்சு நிமிர்ந்தது. "வசனம் எத்தனை பக்கம்லே?"

"வசனமே கெடையாது. வாய் பேச முடியாத அப்பா."