குற்றம் கையிலா, கருவியிலா?

மில்லில் இழை அறுந்தால் யார் குற்றம்? "உன் கை சரியில்லை" என்பார் மேஸ்திரி. பஞ்சு மட்டம் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. விதை நெல் பதராக இருந்தாலும் விதைத்தவன் மீதுதான் காரியஸ்தர் பாய்வார். இது நம் ஊர் வழக்கம் மட்டும்தானா? இல்லை. டாலர் குவித்து வைத்திருக்கும் அமெரிக்காவின் கடற்படையிலும் இதே கதைதான் நடந்தது.

ரோட் ஐலண்ட் மாகாணத்தில் நியூபோர்ட் துறைமுகம் இருக்கிறது. அங்கே கோட் தீவில் 1869-ல் கடற்படையின் டார்பிடோ நிலையம் ஏற்பட்டது. டார்பிடோ என்பது தண்ணீருக்குள் தானே ஓடிச் சென்று எதிரிக் கப்பலில் வெடிக்கும் குண்டு. அதன் ஆராய்ச்சி, வரைபடம், உற்பத்தி, பரீட்சை எல்லாம் அங்கேயே நடந்தன. யுத்த காலத்தில் 13,000 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள்.

1930-களில் இந்த நிலையம் 'மார்க் 14' என்ற டார்பிடோவைப் படைத்தது. அதன் காந்த வெடிப்பொறி பெரிய ரகசியம். கப்பலைத் தொடாமலே அடியில் சென்று வெடிக்குமாம்! இந்தப் பொறியை நிஜ வெடிமருந்தோடு எத்தனை முறை பரீட்சித்தார்கள்? 1926-ல் ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பல் மீது இரண்டே முறை. ஒன்று வெடிக்கவில்லை. ஒன்று வெடித்தது. அதோடு சரி. ஒரு டார்பிடோ 10,000 டாலர். வீணாக்கலாமா என்று கணக்குப் பார்த்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானிய பாசிஸ்டுகளோடு யுத்தம் மூண்டது. நியாயமான யுத்தம். 'சார்கோ' என்ற நீர்மூழ்கிக் கப்பல் அம்மாதமே 13 டார்பிடோக்களை விட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. மாலுமிகள் முறையிட்டார்கள். வாஷிங்டன் ஆயுத இலாகா என்ன சொன்னது? "உங்களுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை!"

1942 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே, தளபதி லாக்வுட் 500 அடி மீன்வலையை வாங்கிக் கடலில் கட்டினார். டார்பிடோக்கள் வலையைக் கிழித்த இடத்தை அளந்தார். வைத்த ஆழத்தை விடச் சுமார் 11 அடி கீழே ஓடியிருந்தன. பரீட்சைக் குண்டின் பாரம் குறைவு. நிஜக் குண்டின் பாரம் அதிகம். இந்தச் சின்னக் கணக்கு மேதைகளுக்குத் தெரியவில்லை. ஒரு மீன்வலைக்குத் தெரிந்தது! ஆகஸ்டில்தான் இலாகா ஒப்புக்கொண்டது.

காந்தப் பொறியும் காலை வாரியது. பூமியின் காந்த சக்தி இடத்துக்கு இடம் மாறும் அல்லவா? 1943 ஜூனில் அட்மிரல் நிமிட்ஸ் அதை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த மாதம் 'டினோசா' கப்பல் ஒரு பெரிய ஜப்பானிய எண்ணெய்க் கப்பலை நிறுத்தி வைத்தது. அசையாமல் நின்ற கப்பலின் விலாவுக்கு நேராக 9 டார்பிடோக்களை ஒவ்வொன்றாக விட்டது. ஒன்றுகூட வெடிக்கவில்லை! மீதியிருந்த ஒன்றைப் பத்திரமாகப் பேர்ள் ஹார்பருக்குக் கொண்டு வந்தார்கள்.

அங்கே 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தார்கள். நேராக மோதியவற்றில் 10-க்கு 7 பொறி வேலை செய்யவில்லை. பழைய, மெதுவான டார்பிடோவுக்குச் செய்த ஊசி, புதிய வேகத்தின் மோதலில் சிக்கிக்கொண்டது. சரியாகக் குறி பார்த்தவன் தோற்றான். கோணலாக விட்டவன் ஜெயித்தான்! எடை குறைந்த ஊசியை அத்தளத்துப் பட்டறைத் தொழிலாளர்களே கடைந்து கொடுத்தார்கள். 1943 செப்டம்பரில் சரியான டார்பிடோ கடலுக்குப் போனது. யுத்தம் தொடங்கி 21 மாதங்கள் கழிந்திருந்தன.

"பார்த்தீர்களா, சர்க்கார் தொழிற்சாலையின் லட்சணம்!" என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் குதிக்கலாம். யுத்த காலத்தில் தனியார் கம்பெனிகளும் டார்பிடோ செய்தன. செய்தது அதே இலாகாவின் வரைபடப்படிதான். கோளாறு யார் உடைமை என்பதில் இல்லை. யார் சொல்லைக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது.

ஆனால் நாமும் ஒன்றை மறைக்கக் கூடாது. பொதுத்துறை வேண்டும் என்று போராடுகிறோம், என்றும் போராடுவோம். சர்க்கார் பலகை தொங்கினால் மட்டும் அது மக்கள் சொத்தாகிவிடாது. கருவியைக் கையாள்பவன் வாய் திறக்கவும், அவன் சொல்லுக்கு நிர்வாகம் பதில் சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயும் கோட் தீவுதான் முளைக்கும்.

நமக்கு டார்பிடோ மீது மோகமில்லை. நாம் வேண்டுவது சமாதானம். ஆனால் பாடத்தை விடலாமா? மிஷினில் கோளாறு கண்டால் உடனே சொல்லுங்கள், தோழர்களே. வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகலைச் சங்கத்தில் வையுங்கள். விதை கெட்டதென்றால் விதைக்கும் முன்பே நாலு பேர் அறியச் சொல்லுங்கள். நாளை "உன் கை சரியில்லை" என்று எவராவது சொன்னால், கூட்டாக நின்று கேளுங்கள்: "கருவியைப் பரீட்சித்தீர்களா?"